தலையணையில் ஊறிய சிகரெட் வாடையை எடுப்பது எப்படி: பஞ்சு பார்த்துச் செய்யும் முழுமையான வழிகாட்டி

மகள் பேறுகாலத்துக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் நான் முதலில் செய்த வேலை, வீட்டில் இருந்த தலகாணி அத்தனையையும் வாசலில் கொண்டுவந்து போட்டதுதான். மொத்தம் ஒன்பது. எங்கள் வீடு காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை. மாமனார் நாற்பது வருஷமாக ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்து சிகரெட் பிடித்தவர். அவரைப் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். எங்களுக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. போன வருஷம் கோயமுத்தூரிலிருந்து வந்து ஒரு ராத்திரி தங்கிய ஒரம்பரைப் பெண், காலையில் எழுந்ததும் தன் முடியை முன்னால் இழுத்து மோந்து பார்த்துவிட்டு, "தலைக்கு ஊத்திக்கட்டுமாங்க்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஒன்பதில் ஐந்தைக் காப்பாற்றினேன். இரண்டைப் பிரித்து மறுபடி தைத்தேன். ஒன்றைத் தூக்கி எறிந்தேன். ஒன்றை என் அவசரத்தில் கெடுத்தேன். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கடைசி ஒன்றும் பிழைத்திருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

சிகரெட் புகை வெறும் காற்று இல்லை. பிசுபிசுப்பான தார்த் துளிகள் அதில் மிதக்கின்றன. அந்தத் துளிகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துப் பார்த்தால் எவ்வளவு பொடி என்று புரியும். தலகாணித் துணியின் இழைகளுக்கு நடுவே அவை தாராளமாக நுழைந்துவிடும்.

தலகாணி ஒரு துருத்தி மாதிரி. தலையை வைத்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும், தலையை எடுத்தால் அறையில் இருக்கும் காற்றை உள்ளே இழுக்கும். ராத்திரி முழுக்கப் புரண்டு படுக்கும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கிறது. அதோடு நாம் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறவர்கள். தார் எண்ணெயில் நன்றாக ஒட்டும். எண்ணெய்ச் சிக்குப் பிடித்த தலகாணியில் புகை வாடை இரண்டு மடங்கு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக, நாம் எடுக்கப் போவது வாடையை இல்லை, பஞ்சில் படிந்த பொருளை. இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்த வேலை பலிக்கும், எது பலிக்காது என்று நீங்களே சொல்லிவிடலாம். செண்ட் அடித்தால் அந்தப் பொருள் எங்கேயும் போகாது. சாம்பிராணி போட்டால் இருக்கிற புகையோடு இன்னொரு புகையும் சேர்ந்து படியும்.

கைக்குழந்தை வரும் வீட்டில் இது வாடை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. துணியிலும் சுவரிலும் தங்கும் இந்தப் படிவை 'மூன்றாம் கைப் புகை' என்கிறார்கள். படிந்த நிக்கோட்டின் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று 2010ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் காட்டினார்கள். கேஸ் அடுப்பு எரிந்தாலே வீட்டுக்குள் கொஞ்சம் நைட்ரஸ் அமிலம் உண்டாகும். குழந்தை எல்லாவற்றிலும் முகத்தை வைத்துத் தேய்க்கும், கையை வாயில் வைக்கும். ஒரு வயது வரைக்கும் குழந்தைக்குத் தலகாணியே வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. ஆனாலும் தாயின் தலகாணி குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில்தானே கிடக்கிறது.

முதல் வேலை: உள்ளே என்ன பஞ்சு என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் தண்ணீரில் போடாதீர்கள். ஓரத்துத் தையலில் இரண்டு விரல் அளவு பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துப் பாருங்கள்.

பட்டு மாதிரி மின்னி, ஊதினால் பறந்து, நடுவில் மிளகு மாதிரி கறுப்பு விதை ஒன்றிரண்டு அகப்பட்டால் இலவம்பஞ்சு. வெள்ளை வெளேர் என்று, கசக்கி விட்டால் மறுபடி எழும்பினால் பாலியஸ்டர். கடையில் ரெக்ரான், ஃபைபர் என்று சொல்லி விற்பது. மஞ்சள், நீலம், சிவப்பு என்று துணித் துண்டுகளாக வந்தால் பனியன் வேஸ்ட். திருப்பூர் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது பழக்கம்தான், கனமாக இருக்கும், விலை மலிவு. பிரிக்கவே வராமல் ஒரே கட்டியாக இருந்தால் ஃபோம். அதிலேயே ஊசிக் குத்து மாதிரி துளைகளும் ரப்பர் வாடையும் இருந்தால் லேடெக்ஸ். அழுத்தின கைத்தடம் மெதுவாக எழும்பினால் மெமரி ஃபோம்.

எவ்வளவு ஏறியிருக்கிறது

நம் மூக்கை நம்ப முடியாது. தினமும் அந்த வாடையிலேயே இருப்பதால் அது பழகிவிடும். தலகாணியைச் சுத்தமான பெரிய பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். சூட்டில் உள்ளே இருப்பது ஆவியாகி மேலே வரும். அப்புறம் வேறு வீட்டு ஆளை, சிகரெட் பிடிக்காதவரைக் கூப்பிட்டு, பையைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் பக்கத்துத் தோட்டத்து அக்காவைக் கூப்பிட்டேன். இல்லை, லேசு, நல்லா இருக்குது, தாங்க முடியலை என்று நாலு தரமாகப் பிரித்து, ஒவ்வொரு தலகாணியிலும் ஒரு காகிதத்தைக் குத்தி எழுதி வைத்தேன். பிற்பாடு எவ்வளவு குறைந்தது என்று பார்க்க இது வேண்டும்.

உறைகள்

உறையைத் தனியாகத் துவையுங்கள். மற்ற துணியோடு சேர்க்க வேண்டாம். சென்னிமலை, கரூர் பக்கத்துப் பருத்தி உறையாக இருந்தால் நல்ல சூட்டுக்குத் தாங்கும். கை வைத்தால் சுடும் தண்ணீரில், வழக்கமாகப் போடும் சோப்புத் தூளோடு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா சேர்த்து ஒரு மணி நேரம் ஊற வைத்துத் துவைக்கவும். கடைசி அலசலில் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வெள்ளை வினிகர். சாயம் போகும் உறை என்றால் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

காத்தும் வெயிலும்: எந்த மாசம்

தலகாணி எதுவானாலும் முதல் இரண்டு நாள் இதுதான் வைத்தியம். நம் ஊருக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் என்று அடித்துக்கொண்டு போகும். காற்றாலைகளை இங்கே நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வருவதால் நம் பக்கம் வரும்போது அது உலர்ந்த காத்து. வாடை எடுக்க அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. சித்திரை வெயிலும் நல்லதுதான், ஆனால் ஃபோமுக்கு அந்த வெயில் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் தலகாணியைத் துவைக்க எடுக்கவே வேண்டாம். பாதி காய்ந்து பூஞ்சை பிடித்தால், சிகரெட் வாடையே மேல் என்று ஆகிவிடும்.

கொடியில் தொங்கவிடாதீர்கள், பஞ்சு ஒரு பக்கமாக இறங்கிவிடும். கயித்துக்கட்டிலில் பரப்புங்கள். அடியிலிருந்தும் காத்து ஏறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு, கையால் நாலு தட்டுத் தட்டுங்கள். துருத்தி என்று சொன்னேனே, அதையே இப்போது நமக்குச் சாதகமாகச் செய்கிறோம்: ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே இருக்கும் பழைய காத்து வெளியேறி, புதுக் காத்து உள்ளே போகும். லேசாக ஏறிய தலகாணி இரண்டு மூன்று நாளில் இதிலேயே சரியாகிவிடும்.

சமையல் சோடா

அடுத்தது சமையல் சோடா, ஆப்ப சோடா என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு தலகாணிக்கு நாலு மேசைக்கரண்டி. டீ வடிகட்டியில் போட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு கரண்டி வீதம் மேலே சீராகச் சலித்துவிட்டு, உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். நிழலில், ஈரமில்லாத இடத்தில். மறுநாள் கட்டிலில் வைத்துக் குச்சியால் தட்டினாலே உதிர்ந்துவிடும், வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் சுலபம்.

சோடா மேல்பரப்பில்தான் வேலை செய்யும். புளித்த வாடையை, அமிலத் தன்மையுள்ள வாடையை மட்டும் அது எடுக்கும். நிக்கோட்டின் அதற்கு நேர் எதிர், காரத் தன்மை உள்ளது. அதனால் சோடாவை மட்டும் போட்டுவிட்டு, வாடை போகவில்லையே என்று சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. காரத்துக்கு அமிலம் வேண்டும், அதுதான் வினிகர். எண்ணெய்க்கும் தாருக்கும் சோப்பு வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி வேலை, தனித்தனி நேரம்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அந்த நுரையில் ஒன்றை மற்றொன்று தின்றுவிடுகிறது. மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றுதான். காசும் வீண், பொழுதும் வீண்.

பாலியஸ்டர் தலகாணியைத் துவைக்கும் முறை

எங்கள் வீட்டில் நாலு இந்த வகை. நாலும் பிழைத்தன. துவைத்துக் காப்பாற்ற இதைவிடத் தோதான தலகாணி கிடையாது.

பெரிய போசி ஒன்றில், ஒரு சொம்பு கொதிநீருக்கு நாலு சொம்பு பச்சைத் தண்ணீர் என்ற கணக்கில் கலந்தால் சுமார் 40 டிகிரி வரும், கை தாங்கும் சூடு. தலகாணி முங்கும் அளவுக்கு, இருபது லிட்டர் போல வேண்டும். அதில் திரவ சோப்பு இரண்டு மேசைக்கரண்டி, சலவைச் சோடா ஒன்று. தலகாணியை முக்கி, இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். அமுக்கினால் காத்துக் குமிழி வரும், விட்டால் தண்ணீரை இழுக்கும். இருபது தடவை இப்படிச் செய்துவிட்டு ஒரு மணி நேரம் ஊற விடுங்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். என் மாமனார் படுத்த தலகாணியிலிருந்து இறங்கிய தண்ணீர் வரட்டீ (பால் விடாத டீ) நிறத்தில் இருந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம், அதில் வெயில் பட்டு மின்னியது. மாமா அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார்.

"இதென்னம்மிணி, சாயமா போவுது?"

"இல்லீங்க மாமா, வெள்ளைத் தலகாணிங்க இது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. போசிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு விரலை அந்தத் தண்ணீரில் விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே அளவில் இரண்டாம் முறை ஊற வையுங்கள். தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக வரும்வரை திருப்பிச் செய்ய வேண்டும். எங்களுக்கு மாமா தலகாணிக்கு மூன்று தடவை ஆனது, மற்றவற்றுக்கு இரண்டே போதும். இடையில் சோப்பு போகும்படி ஒரு அலசு.

இதற்குப் பின்னால்தான் வினிகர். பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி. அரை மணி நேரம் முக்கி வையுங்கள். நிக்கோட்டின் அமிலத்தோடு சேர்ந்து உப்பாக மாறித் தண்ணீரில் தங்கிவிடும், ஆவியாகி மூக்குக்கு வராது. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு அலசு. வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கமெல்லாம் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். சோப்பு நுரைக்காது, நுரைக்காத சோப்பு திரிந்து பஞ்சிலேயே ஒட்டும், அது அழுக்கை மறுபடி பிடித்துக்கொள்ளும். முதல் ஊறலுக்குப் போர்த் தண்ணீர் பரவாயில்லை, சோப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். கடைசி இரண்டு அலசலுக்குக் குடிக்கிற ஆத்துத் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ எடுத்து வையுங்கள். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வாஷிங் மெஷினில் போடுவதானால் இரண்டு தலகாணியை எதிரெதிராக வையுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் மெஷின் ஒரு பக்கமாக ஆடும். சோப்பைப் பாதியாகக் குறைத்து, அலசலை இரண்டு தடவை ஓட்டுங்கள். ஆனால் தாங்க முடியாத அளவுக்கு ஏறிய தலகாணிக்குக் கை ஊறல்தான் முதலில். மெஷின் ஊற விடுகிற நேரம் அதற்குப் போதாது.

காய வைப்பது

பிழியாதீர்கள். முறுக்கினால் உள்ளே பஞ்சு உருண்டை உருண்டையாகச் சேர்ந்துவிடும். சாய்வாக வைத்த பலகையில் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கித் தண்ணீரை வடியுங்கள். மெஷின் ஸ்பின் இருந்தால் ஐந்து நிமிஷம் விடலாம். அப்புறம் கயித்துக்கட்டில். முதல் நாள் மூன்று தடவையாவது எடுத்து, ரொட்டி பிய்ப்பது மாதிரி கையால் உதிர்த்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

மேலே காய்ந்தது நடுவிலும் காய்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு நாள் நல்ல வெயிலுக்குப் பின் தலகாணியைப் பாலிதீன் பையில் கட்டி, அரை மணி வெயிலில் வையுங்கள். பையின் உள்பக்கம் பனி பூத்தால் இன்னொரு நாள் காய வேண்டும். பூக்காவிட்டால், அதே பையைத் திறந்து மறுபடி மோந்து பார்க்கலாம். வாடைக்கும் ஈரத்துக்கும் ஒரே சோதனை.

இலவம்பஞ்சு: நான் கெடுத்த தலகாணி

பாலியஸ்டர் நன்றாக வந்த தெம்பில் இலவம்பஞ்சுத் தலகாணி ஒன்றையும் போசியில் முக்கினேன். முங்க மறுத்து மிதந்தது. அமுக்கிப் பிடித்தேன். மூன்று நாள் வெயிலில் காய வைத்து எடுத்தபோது, உள்ளே பஞ்சுக்குப் பதில் கட்டி கட்டியாக எதுவோ கிடந்தது. அது என் அம்மா வீட்டு இலவ மரத்துப் பஞ்சு, கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்தது. இன்றைக்கு வரைக்கும் அந்த வருத்தம் தீரவில்லை.

பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும் அவருக்கு. ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"எலவம்பஞ்சுக்குத் தண்ணி காட்டலாமுங்களா அம்முணி? அது உள்ள கூடுங்க. உடைஞ்சுதுன்னா எந்திரிக்காது."

அவர் சொன்னது அப்படியே சரி. இலவ இழை ஒவ்வொன்றும் உள்ளே வெற்றுக் குழாய், பெரும்பகுதி காத்துதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. முன்காலத்தில் கப்பல்காரர்கள் உயிர்காப்பு உடுப்புக்குள் இதைத்தான் அடைத்தார்கள். அமுக்கி நனைத்தால் குழாய் நசுங்கும், அதற்குப் பின் எழும்பாது. அந்த மெழுகு தண்ணீரைத்தான் தள்ளும், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். தாரையும் அப்படியே. அதனால் இலவம்பஞ்சில் சிகரெட் வாடை மற்றதைவிட அழுத்தமாக நிற்கும்.

மீதி இருந்த இன்னொரு தலகாணிக்கு அவர் சொன்னபடி செய்தோம். காத்தில்லாத காலை நேரமாகப் பார்த்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தையலைப் பிரித்துப் பஞ்சைப் பழைய கொசுவலையில் தைத்த பைக்குள் மாற்றினோம். வலைப் பையாக இருந்தால் பஞ்சு பறக்காது, வெயிலும் காத்தும் உள்ளே போகும். தலை படுகிற பக்கத்துப் பஞ்சு மஞ்சளேறிக் கட்டியாகியிருந்தது. அதைத் தனியாக எடுத்துப் போட்டுவிட்டோம். மிச்சத்தை மூன்று நாள், காலை பத்திலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வைத்து, மணிக்கொரு தடவை பையை உதறினோம். பழைய துணியில்தான் எண்ணெயும் வாடையும் முக்கால்வாசி இருந்தது, அதை எறிந்துவிட்டுப் புதுத் துணியில் தைக்கச் சொன்னோம். எடுத்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்த்தார். பக்கத்துத் தோட்டத்து அக்கா மோந்து பார்த்து 'லேசு' என்றார், அடுத்த வாரம் 'இல்லை' என்றார்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: இலவம்பஞ்சு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். படுக்கையில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடிக்கிறவர் வீட்டில் இருந்தால் அவருக்கு இந்தத் தலகாணியைக் கொடுக்காதீர்கள். வாடையைவிடப் பெரிய விஷயம் இது.

பனியன் வேஸ்ட்

முழுசாக நனைத்தால் கல் மாதிரி கனக்கும், நடு காயவே காயாது. பிரித்துக் கொட்டி, துண்டுகளைப் பழைய உறை ஒன்றில் போட்டு வாயைக் கட்டி, துணி துவைப்பது மாதிரி துவைத்து, பாயில் பரப்பிக் காய வைத்து மறுபடி அடைக்கலாம். வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிற ஊரில் இருக்கிறவர்கள் புதிதாக வாங்கி அடைப்பதே உத்தமம். நான் அப்படித்தான் செய்தேன்.

ஃபோமுக்குக் கரிப் பெட்டி

ஃபோமையும் லேடெக்ஸையும் மெஷினில் போட்டால் கிழியும். வெயிலில் வைத்தால் மஞ்சளாகி, நாளடைவில் பொடியாக உதிரும். ஆகவே நிழலில் காத்து, மேலே சோடா, அதற்குப் பின் கரி.

நம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கு, அதாவது சிரட்டைக்கு, பஞ்சமே இல்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்க் களத்தைத் தாண்டாமல் ஒரு சாலையில் போக முடியாது. அந்தத் தொட்டியைக் காத்துப் படாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு மிகுந்த சூட்டில் நீராவி விட்டு உண்டாக்குவதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். நீராவி அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறந்துவிடும். ஒரு கிராம் கரியின் உள்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 25 சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் நிலம். வாடை அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

மூடி இறுக்கமாக இருக்கும் பெட்டியோ பெரிய அட்டைப் பெட்டியோ எடுத்துக்கொண்டு, அடியில் அரைக் கிலோ கார்பனை இரண்டு துணிப் பையில் கட்டி வையுங்கள். மேலே ஒரு முறத்தையோ கம்பி வலையையோ வைத்து, அதன்மேல் தலகாணி. கரி தலகாணியில் படக் கூடாது. பத்து நாள் மூடி வையுங்கள், நடுவில் ஒரு தடவை தலகாணியைத் திருப்புங்கள். மீன்தொட்டிக் கடையிலும் தண்ணீர் ஃபில்டர் விற்கும் கடையிலும் இந்தக் கார்பன் கிடைக்கும். சாதாரண அடுப்புக்கரிக்கு இந்த அளவு வேகம் இல்லை; அரைகுறையாக வெந்த கரி அதுவே புகை வாடை அடிக்கும்.

எங்கள் வீட்டு இரண்டு ஃபோம் தலகாணியில் விருந்தாளி அறையில் கிடந்தது இந்தப் பத்து நாளில் சரியானது. ஆசாரத்துத் திண்டு மாதிரி மாமா சாய்ந்துகொண்டிருந்தது இரண்டு சுற்று வைத்தும் 'நல்லா இருக்குது' என்பதிலிருந்து இறங்கவே இல்லை. அதை எறிந்துவிட்டேன். இப்படி இரண்டு முழுச் சுற்றுக்குப் பின்னும் தரம் குறையாத தலகாணியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஏழை எளியவர்களுக்குக் கொடுக்கிறேன் என்று அதை இன்னொரு வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம், அங்கேயும் குழந்தை இருக்கும்.

செய்யக் கூடாதவை

பிளீச் திரவத்தையோ பிளீச்சிங் பவுடரையோ வினிகரோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். தலகாணி வைக்கும் பீரோவில் பாச்சை உருண்டை போடும் பழக்கம் நிறைய வீட்டில் உண்டு. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. அதிலிருக்கும் நாப்தலின், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு சேர்ந்தால் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

அறையை விட்டுவிட்டால் எல்லாம் வீண்

சுத்தமான தலகாணியைப் பழைய அறையில் வைத்தால் பதினைந்து நாளில் வாடை திரும்பும். சுவரும் திரையும் பகல் சூட்டில் வாடையை விடும், பஞ்சு வாங்கிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்தி, வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஒரு இலையைத் துடைத்துப் பாருங்கள். எங்கள் ஆசாரத்து ஃபேனில் ஒரே இழுப்புக்குத் துணி வெல்லப்பாகு நிறமானது, விரலில் ஒட்டியது. அந்த இலைதான் நாற்பது வருஷமாக எங்கள் தலைக்குமேல் சுற்றியிருக்கிறது.

ஃபேன், ஜன்னல் கம்பி, கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு தடவை. திரை, கொசுவலை, ஜமக்காளம் எல்லாம் துவைக்க வேண்டும். பவானி ஜமக்காளம் சாயமிட்ட நூல் என்பதால் வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். சுவரைக் கழுவாமல் மேலே பெயிண்ட் அடித்தால் சில மாதத்தில் மஞ்சள் கசியும். மெத்தையைப் பஞ்சு பார்த்து, தலகாணிக்குச் சொன்ன அதே முறையில். எங்கள் வீட்டில் தலகாணிக்கு ஆன நாளைவிட இதற்குத்தான் அதிக நாள் ஆனது.

கடைசியாக, பிடிக்கிற ஆள். வரட்டீத் தண்ணீரைப் பார்த்த அன்றைக்கே மாமா ஆசாரத்தில் பற்ற வைப்பதை நிறுத்தினார். முழுசாக விடவில்லை, கிணத்து மோட்டார் ரூம் பக்கம் போய்விடுவார். வெளியே பிடித்தாலும் மீசையிலும் முடியிலும் சட்டையிலும் வாடை உள்ளே வரும். எங்கள் வீட்டில் இதில் பெரிய குற்றவாளி அவர் தோள் துண்டு; மத்தியானம் படுக்கும்போது அதைத்தான் தலகாணி மேல் விரித்துக்கொள்வார். இப்போது வெளியே ஒரு துண்டு, உள்ளே ஒரு துண்டு. வெளியே போட்ட துண்டு வேப்பமரத்து ஆணியிலேயே தொங்கும். கை, முகம், மீசை கழுவிவிட்டுத்தான் கொள்ளுப் பேரனைத் தூக்குவார்.

அவர் தலகாணிக்கு மட்டும் ஜிப் வைத்த நெருக்கமான நெசவுத் துணியில் உள்ளுறை ஒன்று, மேலே பருத்தி உறை ஒன்று. மேலுறை மூன்று நாளைக்கு ஒரு தடவை மாறும், உள்ளுறை வாரத்துக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே இரண்டையும் கழற்றி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, துவைக்கிற கல்லின்மேல் கொண்டுவந்து வைக்கிறார்.